துவாக்குடி காஸ்டிங் யூனிட்: நீலக் கோட்டிங் போட்டப்புறம் ஓகே

வேக்கம்ல (காத்தில்லாம) மெட்டல உருக்கி மோல்டுல ஊத்துற யூனிட்டு, பேரு வேணாம். டர்போ வீலுக்கு (டர்போசார்ஜர்ல சுத்துற பிளேடு வச்ச சக்கரம்) சூடு தாங்குற நிக்கல் அலாய் 713சி-ல கேட்டேன், பிளேடு நுனி ரொம்ப மெலிசு. முதல் லாட் ஃபுல்லா ஓடி அழகாத்தான் வந்துச்சு, ஆனா எட்ச் பண்ணி (ஆசிட்ல லேசா அரிச்சு) பாத்தா கிரெயின், அதாவது மெட்டலுக்குள்ள இருக்க படிகத் துண்டு, ஒவ்வொண்ணும் கல்லுப்பு சைஸு, பிளேடு குறுக்க ஒண்ணு ரெண்டுதான் இருக்கு, இது வைப்ரேஷன்ல எங்க தாங்கும்.

மெலிசான இடத்துல மெட்டல் ஓடணும்னு மோல்டை ஓவரா சூடாக்கிருக்காங்க, அப்ப மெதுவா உறையும், கிரெயின் பெருசாத்தான் ஆகும். சொன்னதும் சூப்பர்வைசர் அண்ணன், "அடுத்ததுக்கு மோல்டுல மெட்டலத் தொடுற முதல் கோட்ல கோபால்ட் அலுமினேட் கலந்துடுறோம் தம்பி"ன்னாரு. அந்த நீலப் பவுடரு அலாய்ல இருக்க அலுமினியம், டைட்டானியத்தோட ரியாக்ட் ஆகி கோபால்ட்டா மாறும், அதப் புடிச்சுத்தான் புதுசு புதுசா கிரெயின் பொறக்குது. தோல்ல மட்டும்தான் வேலை செய்யும், நடுவுல இருக்க தடியான ஹப்புக்கு உதவாது. ரெண்டாவது லாட் பிளேடுல கிரெயின் நல்ல நைஸு. ஆனா கடும் சூட்டுல நாள் கணக்கா லோடு தாங்குற பார்ட்டுன்னா க்ரீப்புக்கு (சூட்டுல லோடு இழுத்து மெதுவா நீளுறது) பெரிய கிரெயின்தான் நல்லது, அதுக்கு இதக் கேக்காதீங்க.

சுவாமிமலைல சிலைக்கு மெழுகு மேல காவேரி வண்டல பூசி, மெழுக உருக்கி எடுத்துட்டு மெட்டல ஊத்துறதப் பாத்து வளந்தவன், ஃபினிஷிங்ல குத்தம் சொல்ல எதுவும் கிடைக்கல. ரேட்டு ஜாஸ்தி, டெலிவரி இழுப்பாங்க.