தருமபுரி நீட், ஜேஇஇ பயிற்சி மையம்: ஒரு வகுப்பா, மூன்று வகுப்பா?

பதினொன்றாம் வகுப்பில் உயிரியல், கணிதம் இரண்டும் உள்ள பிரிவில் சேர்ந்த என் மகளை, கடந்த ஜூன் மாதம் தருமபுரி நான்கு ரோட்டுக்கு அருகில் உள்ள ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தேன். ஒன்பது மாத அனுபவத்துக்குப் பிறகு இதை எழுதுகிறேன். பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் பகுதிகளிலிருந்து பிள்ளைகளை இங்கே அனுப்ப நினைக்கும் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்பதே என் விருப்பம். மையத்தின் பெயரைச் சொல்லவில்லை.

சேர்க்கையின்போது நீட் (மருத்துவ நுழைவுத்தேர்வு), ஜேஇஇ (ஐஐடி, என்ஐடி போன்ற மத்தியப் பொறியியல் நிறுவனங்களுக்கான நுழைவுத்தேர்வு), பொதுத்தேர்வுப் பாடங்கள் என மூன்று வகுப்புகளை முன்வைத்தார்கள். நீட் வகுப்புக்கு மட்டும் 28,000 ரூபாய். மூன்றும் சேர்த்தால் 46,000 ரூபாய். "பாப்பா பத்தாவதுல நல்ல மார்க் எடுத்திருக்குதுங்க சார், மூணையும் போட்டுட்டா எது கிடைச்சாலும் போயிக்கலாமுங்க" என்று அலுவலகத்தில் இருந்தவர் சொன்னார். அவள் என்ன படிக்க விரும்புகிறாள், எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள் என்று அவர் கேட்கவில்லை. நானும் யோசிக்காமல் மூன்றுக்கும் ஒரே தடவையில் பணம் கட்டினேன்.

கற்பித்தலைப் பொறுத்தவரை, குறிப்பாக இயற்பியலில், எனக்கு முழு நிறைவு. திருப்பு விசையைத் தொடங்கிய நாளில் ஆசிரியர் கரும்பலகைப் பக்கமே போகாமல், ஒரு மாணவியை அழைத்து வகுப்பறைக் கதவைக் கீலுக்குப் பக்கத்தில் ஒற்றை விரலால் தள்ளச் சொல்லியிருக்கிறார். கதவு அசையவில்லை. பிறகு கைப்பிடி இருக்கும் ஓரத்தில் அதே விரலால் தள்ளச் சொன்னதும் திறந்துகொண்டது. அன்றிரவு என் மகள் எங்கள் வீட்டு பீரோக் கதவை வைத்து அதை எனக்கும் அவள் பாட்டிக்கும் செய்து காட்டினாள். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்காக 'முடுக்கம்', 'உந்தம்' போன்ற சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் அவர் மாற்றி மாற்றிச் சொல்வது பெரிய உதவி. ஆனால் மையம் தரும் அச்சிட்ட கையேடுகள் முழுவதும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்னும்போது இது திருத்தப்பட வேண்டிய குறை.

சிக்கல் வகுப்புகளின் எண்ணிக்கையில்தான் வந்தது. திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் நீட். செவ்வாய், வியாழன் மாலைகளிலும் சனிக்கிழமை காலையிலும் ஜேஇஇ. சனி பிற்பகல் பொதுத்தேர்வுப் பாடம். ஞாயிறு மாதிரித் தேர்வு. பள்ளி முடிந்து நேரே மையத்துக்குப் போய், எட்டு மணிக்கு வகுப்பு விட்டு, பாலக்கோட்டுப் பேருந்தைப் பிடித்து அவள் வீட்டுக்குள் நுழையும்போது ஒன்பதைத் தாண்டிவிடும். செப்டம்பரில் ஒருநாள் அவளுடைய இயற்பியல் நோட்டைப் புரட்டினேன். இடப்பக்கம் வகுப்பில் எழுதியது, வலப்பக்கம் வீட்டில் தானே போட வேண்டிய கணக்குகள் என்று அவளே பிரித்து வைத்திருந்தாள். இடப்பக்கங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. வலப்பக்கத்தில் ஜூலை இரண்டாம் வாரத்துக்குப் பிறகு தேதியைத் தவிர ஒன்றுமில்லை. "போட நேரமே இல்லப்பா" என்றாள். அந்த வெற்றுப் பக்கங்களைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்துப்போனது.

அதன்பின் அவளுடைய பள்ளி வேதியியல் ஆசிரியையிடம் பேசினேன். முதலில் விசாரித்திருக்க வேண்டியவற்றை அவர்தான் விளக்கினார். நீட்டில் கணிதம் இல்லை. 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு மட்டும் 360. ஜேஇஇயின் முதல் கட்டமான மெயினில் உயிரியல் இல்லை. கணிதம், இயற்பியல், வேதியியலுக்குத் தலா 100 என மொத்தம் 300. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வே கிடையாது. பிளஸ் டூ கணித மதிப்பெண்ணை 100-க்கும், இயற்பியல், வேதியியலைத் தலா 50-க்கும் எடுத்து 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் சேர விரும்பும் பிள்ளைக்கு ஜேஇஇ வகுப்பால் நேரடிப் பயன் இல்லை. ஐஐடி, என்ஐடி போன்றவற்றை உண்மையாகவே நாடுகிறவர்களுக்கே அது வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருப்பதால், அப்படிப் படித்த என் மகளுக்கு நீட் ஒன்றை ஒழுங்காகப் படிப்பதே பொருத்தம். மருத்துவம் கிடைக்காவிட்டால் வேளாண்மை படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை; அதற்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அப்படியானால் ஜேஇஇ வகுப்பு யாருக்காக என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அக்டோபரில் ஜேஇஇ, பொதுத்தேர்வுப் பாடம் இரண்டையும் நிறுத்திவிட்டோம். மையம் பணத்தைத் திருப்பித் தர மறுத்தது. பலமுறை நடந்த பிறகு ஒரு பகுதியை அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளச் சம்மதித்தது. இதை நான் நியாயமாகக் கருதவில்லை. ஆனால் நீட் வகுப்பின் தரத்தில் எந்தக் குறையும் வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு 180 நிமிடத்தில் 180 வினா என்று அசல் முறையிலேயே நடக்கிறது. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறைத்துத் திருத்தி, மறுநாளே விடைத்தாளைத் தருகிறார்கள். எந்த வினாவைத் தெரியாமல் விட்டாள், எதை அவசரத்தில் தவறவிட்டாள் என்று இப்போது செவ்வாய், வியாழன் மாலைகளில் உட்கார்ந்து அவளே பிரித்துப் பார்க்கிறாள். நோட்டின் வலப்பக்கம் மறுபடியும் நிரம்பத் தொடங்கியிருக்கிறது.

நீட் வகுப்புக்கு மட்டும் என்றால் இந்த மையத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சேர்க்கும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் சென்று, ஒரு வாரம் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்டவும் ஒப்புக்கொள்கிறார்கள். நாமாகக் கேட்டால் மட்டுமே அதைச் சொல்வார்கள்.