கசடை எரிப்பதா, வயலில் போடுவதா?

நெதர்லாந்து, இங்கிலாந்து இரண்டிலும் ஜன நெருக்கம் அதிகம். ஆனால் கழிவுநீரைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் கசடை இரண்டும் நேர் எதிராகக் கையாளுகின்றன.

நெதர்லாந்தில் எரிக்கிறார்கள். ஏற்கெனவே பன்றி, மாட்டுச் சாணம் அங்கே தேவைக்கு மேல் கிடக்கிறது. 1990களில் வயலில் போடும் கசடில் இருக்கக்கூடிய செம்பு, துத்தநாக அளவுக்கான வரம்புகளும் கடுமையாகிவிட, வயல் வழி அடைபட்டது. எரித்தால் கிருமி போகும், அளவும் குறையும். தழைச்சத்தும் (நைட்ரஜன்) மக்குப்பொருளும் சேர்ந்தே போய்விடும், அதுதான் நஷ்டம். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மட்டும் சாம்பலில் தங்கும்.

இங்கிலாந்தில் பெரும்பகுதி வயலுக்கே போகிறது. காற்றில்லாத தொட்டியில் நொதிக்கவிட்டு, வாயுவில் மின்சாரம் எடுத்து, நீரைப் பிழிகிறார்கள். பிறகும் அந்தக் கறுப்பு மண்கட்டியில் முக்கால்வாசி தண்ணீர்தான்! கோதுமை அறுப்பு முடிந்ததும் டிராக்டரில் இறைத்து, உடனே உழுதுவிடுவார்கள். இல்லாவிட்டால் நாற்றத்தில் ஊரே புகார் சொல்லும். சாதாரண முறையில் சுத்திகரித்த கசடைப் போட்ட நிலத்தில் சாலட் கீரை அறுக்க 30 மாதம் காத்திருக்க வேண்டும்.

விவசாயிக்கு இது லாபம், சந்தேகமில்லை. ஆனால் ‘பிஃபாஸ்’ (PFAS) எனப்படும் எளிதில் சிதையாத ரசாயனங்களும் நுண்பிளாஸ்டிக்கும் தொட்டியில் நொதித்தாலும் அழிவதில்லை, அப்படியே மண்ணுக்குள் போகின்றன. எனக்கு உறுத்துவது அதுதான்.