கம்போடியா கோயில் டூருக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஊர் திரும்பிப் பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். 1,74,000 ரூபாய். எனக்கும் அம்மாவுக்குமாகச் சேர்த்துக் கம்போடியா டூருக்குக் கட்டிய பணம். அங்கே போனபின் கையிலிருந்து பிடுங்கியது தனி. என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுக்கப்போகிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். எந்த வகை ஆட்கள் என்று மட்டும் சொல்கிறேன். காசி, கயா, சார்தாம் என்று யாத்திரை நடத்திக்கொண்டிருந்துவிட்டு, இப்போது 'வெளிநாட்டில் நம் கோயில்கள்' என்று வாட்ஸ்அப் குழுக்களில் போஸ்டர் போட்டு ஆள் சேர்க்கிறார்களே, அந்த வகை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் சின்ன அலுவலகம், சுவர் முழுக்கக் குழுப் படங்கள்.

அம்மாவுக்கு கம்போடியா போக ஒரே காரணம்தான். பந்தேய் ஸ்ரீ. அங்கோர் வாட்டுக்கு வடகிழக்கே இருக்கும் சின்னச் சிவன் கோயில், 967-ல் பிரதிஷ்டை ஆனது, இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரவேலை போலச் செதுக்கியிருப்பார்கள். கயிலையை அசைக்கும் ராவணன், வாலி சுக்ரீவன் சண்டை எல்லாம் உண்டு. அதையெல்லாம் விட முக்கியம், அங்கே ஆடும் சிவனின் காலடியில் காரைக்கால் அம்மையார் உட்கார்ந்திருக்கிறார். எலும்பும் தோலுமாக, பேயுருவில், நம் ஊர்ச் செப்புச் சிலைகளில் பார்ப்பது போலவே. அம்மையாரின் பாடல்களைத் தினமும் சொல்கிற என் அம்மாவுக்கு, கடல் தாண்டி ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு சிற்பி அவரைச் செதுக்கிவைத்திருக்கிறான் என்பதே பெரிய அதிசயம்.

அந்த அலுவலகத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது அம்மா தயங்கித் தயங்கி, "அம்மையார் இருக்கற கோயிலுக்குப் போவீங்களா தம்பி?" என்று கேட்டார். டூர் நடத்துகிற ஆள் எழுந்து வந்து, அம்மாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போனில் அந்தச் சிற்பத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "இதைக் காட்டாம உங்களை ஊருக்குக் கூட்டிட்டு வரமாட்டேன்மா. நானும் சிவபக்தன்தான். அக்கா, நீங்க கவலையே படாதீங்க, அம்மா எனக்கும் அம்மாதான்" என்றார். அம்மாவின் கால்வலியைப் பற்றி விசாரித்தார். எந்த இடத்தில் படி அதிகம், எங்கே உட்கார நிழல் இருக்கும் என்றெல்லாம் சொன்னார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிஷத்தில் நாங்கள் நம்பினோம். அப்படிப் பேசுகிற ஒருவரை யார்தான் நம்பமாட்டார்கள்? அந்த வாரமே முழுப்பணமும் போய்ச் சேர்ந்தது. "கம்பெனி அக்கவுண்ட் ஆடிட்டுல இருக்கு, தம்பி நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க அக்கா" என்றார். 1,74,000 ரூபாய்க்கு ரசீது என்று வந்தது வாட்ஸ்அப்பில் ஒரு படம், அவ்வளவுதான். ஜிஎஸ்டி எண்கூட அதில் இல்லை.

அச்சடித்த திட்டத்தில் இருந்தவை இவை: மூன்று நாள் அங்கோர் பாஸ் (அங்கோர் கோயில்களுக்குள் போக வாங்கும் டிக்கெட்), அரசு உரிமம் பெற்ற வழிகாட்டி, கொம்போங் க்ளியாங் ஆற்றுக் கிராமத்தில் படகும் ஒரு வீட்டில் மதியச் சாப்பாடும், வழியில் சம்போர் பிரெய் குக் என்ற பழைய கோயில் நகரம், கடைசியில் புனோம் பென் நகரம். 'அனைத்து நுழைவுக் கட்டணமும் அடக்கம்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

அங்கோர் கோயில்களுக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் இறங்கியதுமே வழிகாட்டி இல்லை. டிரைவரும், கூடவே குழுவோடு வந்த ஒரு பையனும்தான். அங்கோர் பாஸ் வாங்க டிக்கெட் மையத்துக்கு அழைத்துப்போனார்கள். அங்கே ஒவ்வொருவரையும் நிற்கவைத்துப் படம் எடுத்து, முகத்தோடு தேதியோடு பாஸ் அச்சிட்டுக் கொடுப்பார்கள். கொடுத்த உடனே அந்தப் பையன் எல்லாரிடமிருந்தும் வாங்கிக்கொண்டான். "வயசானவங்க தொலைச்சிடுவாங்க, நானே வச்சுக்கறேன்." வாசலில் கொடுப்பான், தாண்டியதும் திரும்ப வாங்கிக்கொள்வான். ஏன் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை.

அங்கோர் வாட், பயோன், தா ப்ரோம் மூன்று கோயில்களையும் ஒரே நாளில் ஓட்டமாக ஓட்டினார்கள். அங்கோர் வாட்டின் கிழக்குத் தாழ்வாரத்தில் பாற்கடல் கடையும் காட்சி 49 மீட்டர் நீளத்துக்கு இருக்கிறது. ஒரு பக்கம் அசுரர்கள், மறுபக்கம் தேவர்கள், நடுவில் விஷ்ணு, மேலே அப்சரஸ்கள். அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், "டைம் இல்ல அக்கா, மேற்குப் பக்கம் போட்டோ நல்லா வரும்" என்றான். தா ப்ரோமில் கற்களைப் பிடித்து நிற்கும் மரவேர்களைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். எழுபது வயதுப் பெண்மணியை.

மறுநாள் காலை பந்தேய் ஸ்ரீ. அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தார். சோதனை செய்யும் இடத்தில் பணியாளர் பாஸை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். தேதியைத் தொட்டுக் காட்டினார். அது ஒருநாள் பாஸ். நேற்றோடு முடிந்துவிட்டது.

ஒருநாள் பாஸ் 37 டாலர், மூன்று நாள் பாஸ் 62 டாலர். பந்தேய் ஸ்ரீ அதே பாஸில் அடக்கம், தனி டிக்கெட் கிடையாது. ஆளுக்கு 25 டாலர் மிச்சம் பிடிப்பதற்காக இதைச் செய்திருக்கிறார்கள். 1,74,000 ரூபாய் வாங்கியவர்கள், 25 டாலருக்காக. அம்மா அந்தப் பணியாளரிடம் தமிழிலேயே, "ஒரு அஞ்சு நிமிஷம் தம்பி, பார்த்துட்டு வந்துடறேன்" என்று கெஞ்சினார். அவர் மேல் தப்பில்லை, அவருடைய வேலையைச் செய்தார். என் கைப்பணத்தில் வாங்குகிறேன் என்று சொன்னேன். "டிக்கெட் மையம் ஊருக்குள்ள இருக்கு, திரும்பிப் போய் வந்தா படகு போயிடும்" என்றான் பையன். பாஸை ஆன்லைனிலேயே வாங்கலாம், நின்ற இடத்தில் போனிலேயே முடித்திருக்கலாம் என்பது அன்றிரவு ஹோட்டல்காரர் சொல்லித்தான் தெரிந்தது. வருஷம் முழுக்க அங்கே ஆள் கூட்டிப்போகிறவர்களுக்கு அது தெரியாதா?

வண்டியைத் திருப்பிவிட்டார்கள். கோயிலின் மதில்கூட எங்கள் கண்ணில் படவில்லை.

அடுத்து ஆற்றுக் கிராமம். அது தொன்லே சாப் ஏரியோரம் இருக்கிறது. அந்த ஏரி கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். மழைக்காலத்தில் மெக்காங் ஆறு பெருகி, தொன்லே சாப் ஆற்றின் ஓட்டத்தையே திருப்பிவிடுவதால், ஏரி அதைப்போல் பல மடங்கு விரியும். அதனால்தான் கொம்போங் க்ளியாங்கில் வீடுகளை அவ்வளவு உயரக் கால்களின் மேல் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டோம். கூட்டிப்போனது சியெம் ரீப்புக்கு மிக அருகிலிருக்கும் சோங் நியாஸ் படகுத்துறைக்கு. படகுக்கு ஆளுக்கு 25 டாலர் தனியாகக் கேட்டார்கள். 'அனைத்தும் அடக்கம்' என்ற தாளைக் காட்டினால், "அது நிலத்துல இருக்கற கட்டணத்துக்கு மட்டும்" என்றான். படகு நேராக மிதக்கும் கடை ஒன்றில் போய் நின்றது. அங்கே ஒரு மூட்டை அரிசி 50 டாலர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுங்கள் என்று வற்புறுத்தல். வாங்கும்வரை படகு நகரவில்லை. எங்கள் குழுவில் இரண்டு குடும்பங்கள் வாங்கினார்கள். பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? சுற்றுலாப் பயணிகள் அந்தத் துறையைப் பற்றிப் பல வருஷமாக இதே புகாரைச் சொல்லிவருகிறார்கள் என்று திரும்பி வந்தபின் படித்தேன். அந்த ஏரிக்கரை மக்கள் பாவம், மீன்பிடித்துப் பிழைக்கிறார்கள், அவர்கள் பெயரில் இந்த வியாபாரம் நடக்கிறது.

சம்போர் பிரெய் குக், அதாவது ஏழாம் நூற்றாண்டின் ஈசானபுரம், 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். நிற்காமலே போய்விட்டார்கள். புனோம் பென்னில் ஹோட்டல் வரவேற்பில் இன்னொரு அதிர்ச்சி: அறை பதிவாகியிருக்கிறது, பணம் வரவில்லை. 110 டாலர் கட்டினால்தான் சாவி. நடுராத்திரியில் அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்ய? கட்டினேன். அரண்மனையும் வெள்ளிப் பகோடாவும் வெளியிலிருந்து காட்டப்பட்டன. தோல் ஸ்லெங்குக்கு நாங்களாகவே டுக்டுக் பிடித்துப் போனோம். ஒரு பள்ளிக்கூடத்தை, 1970-களில் கொடூர ஆட்சி நடத்திய கெமர் ரூஜ் ஆட்கள் சிறையாக்கிய இடம் அது, அதைப் பற்றி இந்தப் பதிவில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. கம்போடியாவிலிருந்தே அந்த ஆளுக்குப் போன் செய்தேன். "லோக்கல் பார்ட்னர் பண்ண தப்பு அக்கா, நான் பேசிடறேன்." மறுநாள் "மீட்டிங்ல இருக்கேன்." ஊருக்கு வந்தபின் அலுவலகப் பெண், "சார் ஃபீல்டுல இருக்கார் மேடம், திங்கக்கிழமை கூப்பிடுவார்" என்றார். திங்கள் வந்தது, போன் வரவில்லை. நேரில் போனேன். அம்மாவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த அதே ஆள், எழுந்திருக்கக்கூட இல்லை. "திட்டம் சூழ்நிலைக்கேற்ப மாறும்னு கடைசிப் பக்கத்துல போட்டிருக்கு, படிக்கலையா?" என்றார். "அம்மையார் சிற்பம்?" என்று கேட்டேன். "கூகுள்ல நல்லாவே தெரியும்." இந்த வார்த்தையை நான் மறக்கப்போவதில்லை. பணத்தைக் கேட்டதற்கு, அடுத்த பாலி டூரில் ஆளுக்கு 5,000 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார். டூர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு கேள்வி போட்டேன், 'மூன்று நாள் பாஸ் என்று சொல்லி ஒருநாள் பாஸ் ஏன்?' சில நிமிஷத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

1,74,000 ரூபாய். அதற்கு மேல் படகும் ஹோட்டலும். விசாவுக்கும், நாட்டுக்குள் நுழைய ஆன்லைனில் நிரப்பும் இ-அரைவல் படிவத்துக்கும் என்று ஆளுக்கு 9,000 வாங்கினார்கள். விமான நிலையத்தில் சுற்றுலா விசா 30 டாலர், இ-அரைவல் படிவத்துக்குக் கட்டணமே கிடையாது.

நிறைய எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. அவசரமாகச் சிலது: தனிநபர் எண்ணுக்கு ஜிபே கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பாஸை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வாங்கியவுடன் தேதியைப் பாருங்கள், படம் எடுத்துவையுங்கள். ஹோட்டல்களுக்கு நீங்களே போன் செய்து பணம் கட்டியாகிவிட்டதா என்று கேளுங்கள். ஏரியில் அரிசி வாங்காதீர்கள். ஏமாந்தால் 1915 நுகர்வோர் உதவி எண். 5 லட்சம் வரை கட்டிய சேவைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நானும் போடப்போகிறேன்.

எங்களோடு வந்த குடும்பங்களில் யாராவது இதைப் படித்தால், உங்கள் பாஸின் படமும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். புகாரோடு சேர்க்க வேண்டும்.