பெண் பூனைக்குக் கருத்தடை: அறுவை சிகிச்சையா, ஊசியா?

செலவு: ஊசி மலிவுதான், ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அறுவை சிகிச்சைக்கு ஒரு தடவை மட்டுமே செலவு.

எளிமை: ஊசி போட்ட கையோடு வீட்டுக்குத் தூக்கி வந்துவிடலாம். அறுவை சிகிச்சை என்றால் முன்னதாகப் பட்டினி, பிறகு தையலை நக்காதிருக்கச் சுமார் 10 நாள் கழுத்துக்கூம்பு. அந்தக் கூம்போடு பூனை சுவரில் முட்டிக்கொண்டு பின்னோக்கி நடப்பதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும்.

பாதுகாப்பு: ஊசியிலுள்ள புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் கருப்பையில் சீழ் கோப்பதற்கும், மடிக்கட்டிக்கும், நீரிழிவுக்கும் வழிவகுக்கக்கூடும். கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டால் சீழ் பிடிக்க இடமில்லை; 6 மாத வயதுக்குள் செய்தால் மடிப் புற்றுநோய் வாய்ப்பும் வெகுவாகக் குறைகிறது.

ஆரோக்கியமான பூனைக்கு அறுவை சிகிச்சையே ஏற்றது. மயக்க மருந்து தாங்காத பூனைக்கு மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் ஊசியை யோசிக்கலாம். சினையோ என்ற ஐயமிருந்தால் அதுவும் கூடாது.