ஸ்பேம் புகார் அனுப்பினால் போதும் என்று நம்பாதீர்கள்: எங்களுக்கு 1,850 டாலர் போய்விட்டது

பணம் போய் நாலு நாள் ஆகிறது. ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சின்ன அலுவலகத்து மெயில் எல்லாம் ஒரு ஸ்பேம் ஃபில்டர் சேவை வழியாகத்தான் வரும். பெயர் வேண்டாம். சேர்க்கும்போது அவர்கள் ஆள் சொன்னது: "தப்பி வரும் ஸ்பேமை எங்களுக்கு ஃபார்வர்டு பண்ணுங்க சார். அனுப்பினவனோட ரெப்யூட்டேஷன் ஸ்கோர் இறங்கிடும், அடுத்தது உள்ளேயே வராது." நம்பினேன். ஏனென்றால் ஒவ்வொரு புகாருக்கும் ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது: "புகார் ஏற்கப்பட்டது, நன்றி." யாரோ உட்கார்ந்து படிக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டேன்.

மூன்று வாரத்தில் ஒரே டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) மீது 11 புகார். எங்களுக்குச் சரக்கு தருபவரின் டொமைன் போலவே இருக்கும்; ஆங்கில 'எம்' வரவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்திருந்தார்கள். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். 12வது மெயிலில் இன்வாய்ஸ் வந்தது, "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்ற வரியோடு. அன்று நான் விடுப்பு. கணக்குப் பிரிவில் இருப்பவர் 1,850 டாலரை அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஃபில்டரைத் தாண்டி வந்த மெயிலை யார்தான் சந்தேகப்படுவார்கள்? வங்கியைக் கூப்பிடுவதற்குள் பணத்தை எடுத்துவிட்டார்கள்.

ஃபில்டர்காரர்களிடம் கேட்டால், முதலில் "டீமுக்கு அனுப்பியிருக்கிறோம்". அப்புறம் "தீர்க்கப்பட்டது" என்று என் புகார்ப் பதிவான டிக்கெட்டையே மூடினார்கள். மறுபடி திறந்தேன். "எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டும் பாஸ் ஆகியிருக்கின்றன" என்றார்கள்; அனுப்பிய டொமைனைச் சரிபார்க்கும் இரண்டு சோதனைகள் அவை. ஆகாமல் என்ன செய்யும்? மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்பதற்கு மட்டுமே அவை சாட்சி. டொமைனை வாங்கிய திருடனே அவற்றையும் அமைத்துக்கொள்வான்.

கடைசியில் ஒருவர் வாய் திறந்தார். சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால் மூல மெயிலின் ஹெட்டர், அதாவது அது வந்த வழியைச் சொல்லும் மறைவான குறிப்புகள், கூடவே போகாதாம். எந்த ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஒரு கணினியின் எண்) கிளம்பியது, எந்தெந்த சர்வரைத் தாண்டியது, எதுவும் தெரியாது. புகார் மெயிலின் ஹெட்டரில் அனுப்பியவர் என்று இருந்ததே நான்தான். அட்டாச்மென்டாக இணைத்து அனுப்பியிருக்க வேண்டுமாம். இதை முதல் புகாரிலேயே சொல்ல என்ன கேடு? 11 தடவை நன்றி சொல்லத் தெரிந்தது! ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் 1,850 டாலர் போயிருக்குமா?

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. ஸ்பேமை இஎம்எல் ஃபைலாக (ஹெட்டரோடு முழு மெயிலும் இருக்கும் ஃபைல்) சேமித்து, அட்டாச்மென்டாகவே புகாரில் அனுப்புங்கள். தானாக வரும் நன்றியை நம்பாதீர்கள். அந்த டொமைனை உங்கள் பிளாக் லிஸ்டில் நீங்களே அன்றே போட்டுவிடுங்கள். கணக்கு எண் மாறியது என்று மெயில் வந்தால், அந்த மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்ல, உங்களிடம் பழையதாக இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

1,850 டாலர். இன்று காலை டிக்கெட்டை மறுபடி மூடியிருக்கிறார்கள்.