'பூமிக்கு நல்ல முட்டை'ன்னு டப்பால போட்டிருந்துச்சு, வாங்கினேன், ரெண்டு ஸ்டார்தான்

முட்டைய பத்தி மொதல்ல சொல்லிடறேன், அதுல குறையே கிடையாது. பன்னெண்டும் முழுசா வந்துச்சு, ஒண்ணுல கூட கீறல் இல்ல, தண்ணில போட்டா அடியில போயி படுத்துக்கிச்சு, அவ்ளோ ஃப்ரெஷ். வெறும் முட்டைக்குன்னா அஞ்சுக்கு அஞ்சே குடுத்திருப்பேன். ஆனா நான் இத எடுத்ததே டப்பா மேல பச்ச இலை படம் போட்டு பூமிக்கு நல்லதுன்னு எழுதியிருந்ததாலதான், அதுக்குன்னு சாதா முட்டைய விட காசும் கூட குடுத்தோம், சரி அப்படி என்னதான் நல்லது பண்றாங்கன்னு உக்காந்து நோண்டினேன். நோண்டாமயே சாப்ட்டிருக்கலாம்.

டப்பால என்னல்லாம் போட்டிருக்காங்கன்னா, ரீசைக்கிள் பேப்பர்ல செஞ்ச டப்பா, தானா மக்கிடும், பண்ணைல சோலார், பக்கத்துப் பண்ணைல இருந்தே வருது, கூண்டு கிடையாது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா டப்பாவ திருப்பி திருப்பி பாத்தேன், தீவனம்ங்கற வார்த்தை ஒரு எடத்துலயும் இல்ல.

அத விட்டுட்டு முட்டையோட சுற்றுச்சூழல் கணக்கு பேசறது, வாடகைய விட்டுட்டு வீட்டு செலவு கணக்கு எழுதற மாதிரி. ஒரு லேயர் கோழி, அதாவது முட்டைக்குன்னே வளக்கற கோழி, நாளைக்கு சுமாரா 110 கிராம் தீவனம் தின்னுது, நல்லா முட்டை வைக்கிற கோழின்னா வருஷத்துக்கு 300க்கு மேல வைக்கும், ஒரு முட்டை 60 கிராம்னு வெச்சா ஒரு கிலோ முட்டைக்கு ரெண்டு கிலோ சொச்சம் தீவனம் போகுது. அதுல பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும். அதெல்லாம் உரம் போட்டு வெளைஞ்சது, போட்ட உரத்துல பயிர் எடுத்தது போக மிச்சத்துல ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடா காத்துல கலக்குது, அது கார்பன் டை ஆக்சைட விட சுமார் 270 மடங்கு சூடேத்தற வாயு. காட்ட அழிச்ச நிலத்துல அந்த சோயா வெளைஞ்சிருந்தா அது தனிக் கணக்கு. முட்டை பக்கத்துப் பண்ணைல இருந்து வந்துச்சு சரி, அந்தக் கோழி தின்ன சோயா எந்தக் கப்பல்ல வந்துச்சோ.

2018ல சயின்ஸ் இதழ்ல பூர், நெமெசெக்னு ரெண்டு பேரு 119 நாட்டுல சுமார் 38,700 பண்ணையோட விவரத்த சேத்து ஒரு ஆய்வு போட்டாங்க. அதுல ஒரு கிலோ முட்டைக்கு சராசரியா 4.7 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு சமமான வாயு வருது. அதுல தீவனம் மட்டுமே கிட்டத்தட்ட பாதி, காட்ட அழிச்சு வயலா மாத்தினதால வர்றதையும் சேத்தா இன்னும் கூடும். பேக்கிங் 0.2 கிலோ, வண்டில ஏத்திட்டு வர்றது 0.1 கிலோ, அவ்ளோதான். அதாவது டப்பால ஜம்பமா போட்டிருக்கற விஷயத்துல ரெண்டு, மொத்தத்துல பத்துல ஒரு பங்கு கூட வராது. (மாட்டிறைச்சிக்கு கறிக்குன்னே வளக்கற மாடுன்னா கிலோவுக்கு 100 கிட்ட போகுது, அதனால முட்டைய ரொம்ப திட்டவும் மனசு வரல.)

பண்ணைக்குள்ள பெரிய தலைவலி கோழி எச்சம். ஈரமா குமிஞ்சு கெடந்தா அமோனியா கெளம்பும், அது பறந்து போயி மண்ணுலயும் குளத்துலயும் எறங்கி பாசி புடிக்க வைக்கும், கொஞ்சம் மறுபடி நைட்ரஸ் ஆக்சைடாவும் மாறும். எச்சத்த பெல்ட்டுல வாரி சீக்கிரம் காய வெச்சாலே அமோனியா நல்லா கொறையும். இவங்க என்ன பண்றாங்கன்னு டப்பால மூச்சு இல்ல. சோலார் பேனல் படம் மட்டும் பளபளன்னு இருக்கு.

கூண்டு இல்லங்கறதுல கோழிக்கு நிம்மதி, அதுக்காக நானும் சந்தோஷமா கூட காசு குடுப்பேன். ஆனா அத பூமிக் கணக்குல எழுதினா இடிக்குது. ஓடியாடற கோழி கொஞ்சம் கூட தின்னும், எடமும் கூட வேணும், கிலோ கணக்குல பாத்தா கார்பன் கூண்டுக் கோழிய விட அதிகமாவே போக வாய்ப்பிருக்கு. ரெண்டும் வேற வேற நல்லது, ஒரே இலை படத்துக்குக் கீழ போட்டு கொழப்பறாங்க. அப்புறம் மஞ்சக்கரு நல்லா செவந்து இருந்துச்சு, வீட்ல 'பாத்தியா இயற்கை'ன்னாங்க, அது தீவனத்துல சோளமோ சாமந்திப்பூ பொடியோ எவ்ளோ சேக்கறாங்கங்கறத பொறுத்தது, இயற்கைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

டப்பால இருந்த க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணா ஒரு வயல் படம், மேகம், முடிஞ்சது. சரின்னு மெயில் போட்டு மூணே மூணு கேட்டேன்: கிலோ முட்டைக்கு எத்தன கிலோ தீவனம், சோயா எங்கருந்து வாங்கறீங்க, எச்சத்த என்ன பண்றீங்க. ஒம்போது நாள் கழிச்சு பதில் வந்துச்சு, உங்க அன்புக்கு நன்றின்னு, கூட ஒரு தள்ளுபடி கூப்பன்.

அமெரிக்காவுல 1960க்கும் 2010க்கும் நடுவுல கிலோ முட்டைக்கான வாயு 71 சதவீதம் கொறைஞ்சுதுன்னு ஒரு ஆய்வு இருக்கு, கொறைஞ்சது கோழி ரகம், தீவனம், எச்சம் பாத்துக்கற விதம் இதுலல்லாம்தான். டப்பா மாத்தினதுல இல்ல. அந்த மூணு கேள்விக்கும் நம்பரோட பதில் அச்சடிச்சு ஒட்டட்டும், இந்த ரிவ்யூவ நானே நாலு ஸ்டாருக்கு மாத்தறேன்.

காலி டப்பால மண்ணு போட்டு விதை ஊனி வெச்சேன், ரெண்டு வாரத்துலயே அடி இத்துப் போயி பிஞ்சு வருது. மக்கும்னு போட்டிருந்தது மட்டும் சத்தியமா உண்மை.