பாதி டியூப் ரத்தமும் 18 என்ற எண்ணும்: வீட்டுக்கு வரும் லேப் சேவை

அப்பாவுக்கு 71 வயது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 2-ஐத் தொட்டதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறார். இந்தத் தடவை முழங்கால் வலி அதிகம் என்பதால், வீட்டுக்கே வந்து எடுக்கும் லேப் ஒன்றைக் கூப்பிட்டோம். பெயர் வேண்டாம்.

ஆறரைக்கு வருவதாகச் சொன்ன தம்பி ஐந்து நிமிடம் முன்னதாகவே வாசலில் நின்றார். அதற்கு முழு மதிப்பெண். ஆனால் அப்பாவின் நரம்பு வழுக்கிக்கொண்டே போய், மூன்றாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. அதுவும் பாதி டியூபோடு நின்றுவிட்டது. "இது போதும்க்கா, இன்னும் நாலு வீடு இருக்கு" என்று கிளம்பிவிட்டார்.

மாலையில் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. பைகார்பனேட் 18 என்று சிவப்பில். 22 முதல் 29 வரை இருக்க வேண்டுமாம். ரத்தத்தில் அமிலம் ஏறாமல் தாங்கிப்பிடிப்பது அது, சிறுநீரகம் தளர்ந்தால் குறையும் என்கிற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். லேபுக்கு போன் செய்தால், "டாக்டரைப் பாருங்க மேடம்". அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

மறுநாள் டாக்டர், பேதி உண்டா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். இரண்டும் இல்லை. "டியூப் நிறைய எடுத்தாங்களா?" என்றார் அடுத்து. பாதி டியூப் என்றால், மேலே உள்ள காலி இடத்துக்கு ரத்தத்திலிருந்து கரியமில வாயு கழன்று போய்விடுமாம். மூடியைத் திறந்து வைத்தாலும் அதே கதை. திறந்து வைத்த சோடா பாட்டில் மாதிரிதான். மெஷின் அளப்பது அந்த வாயுவின் மொத்தத்தை என்பதால் பைகார்பனேட் குறைவாகக் காட்டும்.

ஆஸ்பத்திரியிலேயே டியூப் நிறைய எடுத்துப் பார்த்தார்கள். 21. டாக்டர் ரிப்போர்ட் ஓரத்தில் பேனாவால் ஒரு கணக்குப் போட்டார்: சோடியம் 138, அதில் குளோரைடு 105-ஐயும் பைகார்பனேட்டையும் கழித்தால் நேற்று 15, இன்று 12. சோடியமும் குளோரைடும் அசையவில்லை, பைகார்பனேட் மட்டும்தான் நகர்ந்திருக்கிறது. 21-ம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், அடுத்த முறை பார்க்கலாம் என்றார். 18-ஐ நம்பி, பைகார்பனேட்டை ஏற்றும் சோடா உப்பு மாத்திரை தொடங்கியிருந்தால், ஏற்கெனவே கால் வீங்கும் மனிதருக்கு உடம்பில் உப்பு இன்னும் சேர்ந்திருக்கும்.

ஐந்துக்கு இரண்டரை. தைராய்டு, கொழுப்பு பார்க்க மறுபடியும் இவர்களையே கூப்பிடுவேன். சோடியம், குளோரைடு, பைகார்பனேட் மாதிரி எலக்ட்ரோலைட் என்றால் அப்பாவை ஆட்டோவில் ஏற்றிவிடுவேன், முழங்கால் என்ன திட்டினாலும் சரி.